கறிநாளில் கறி வேண்டாம் என்பவர்கள் செய்யும் தவறுகள்

தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். தை 3-இல் கறிநாள். நடுவில் குலதெய்வம் கோயில் கிடா வெட்டு, பக்கத்து வீட்டு ரம்ஜான் பிரியாணி, கிறிஸ்துமஸ் விருந்து. கறி சாப்பிடும் குடும்பத்தில் பிறந்து, பதினாறு பதினேழு வயதிலோ விடுதிக்குப் போன பிறகோ கறியை விட்டவர்களுக்கு வருஷத்தில் சிக்கல் வருவது இந்த நாலைந்து நாளில்தான். சாதாரண நாளில் ரசம், அப்பளம், தயிர் என்று சமாளித்துவிடலாம். பண்டிகையன்று அடுப்பு, குக்கர், மிக்ஸி, சமைக்கிற ஆள் எல்லாமே கறியைச் சுற்றி ஓடும். குறுக்கே போய் நின்றால் திட்டுதான் கிடைக்கும். எப்போது, யாரிடம் சொன்னோம் என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

இலை போட்ட பிறகு சொல்வது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுவே. கறி வாங்கும் கணக்கு முந்தின நாளே முடிந்துவிடும். கிலோவுக்கு ஐந்தாறு பேர் என்று ஆளை எண்ணித்தான் வாங்குகிறார்கள். தை 2 திருவள்ளுவர் தினத்தில் கறிக்கடைகளுக்கு விடுமுறை. அதனால் மறுநாள் இருட்டோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். அப்படி நின்று வாங்கி வந்து, அலசி, வேகவைத்து, பரிமாறும்போது “எனக்கு வேண்டாம்” என்றால் சமைத்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆள் எண்ணும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியது சமைப்பவரிடம். அப்பாவிடம் சொன்னால் சேதி சமையலறைக்குப் போய்ச் சேராது. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவார்கள். “அத்தை, என்னைக் கறிக் கணக்குல சேர்க்காதீங்க, எனக்குள்ளதை நானே பண்ணிக்கறேன்” என்று போனில் ஒரு வரி போதும்.

கறியை விட்ட செய்தியையே முதல்முறையாகத் தீபாவளியன்று அவிழ்ப்பது இன்னும் மோசம். அதற்கு முன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பழக்கப்படுத்திவிடுங்கள். புரட்டாசி கறி இல்லாமல் கழியும் வீடென்றால் அந்த மாதத்தை நம்பாதீர்கள். அப்போது யாரும் கறி சாப்பிடுவதில்லை, உங்கள் மாற்றம் எவர் கண்ணிலும் படாது. ஐப்பசி பிறந்து முதல் கறி வரும் நாளில்தான் விஷயம் வெடிக்கும்.

மசாலாவை எடுத்துவைக்க மறப்பது

கறிக்குழம்பு எப்படி ஆகிறது என்று ஒருமுறை கூட நின்று பாருங்கள். நிறைய வீடுகளில் கறியை மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்புப் போட்டுக் குக்கரில் தனியாக ஐந்தாறு விசில் விடுகிறார்கள். இன்னொரு சட்டியில் பட்டை, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். குக்கரில் வெந்த கறியும் அதன் தண்ணீரும் வந்து விழுகிற வரைக்கும் அந்தச் சட்டியில் இருப்பது சைவ மசாலாதான். அந்த நேரத்தில் நாலு கரண்டி எடுத்துச் சின்னச் சட்டிக்கு மாற்றிவிட்டால் உங்கள் குழம்புக்கு முக்கால் வேலை முடிந்தது. தேங்காய் அரைத்ததைக் கடைசியில் ஊற்றும் வீடாக இருந்தால் அதிலும் இரண்டு கரண்டி தனியாக வேண்டும். இல்லாவிட்டால் குழம்பு நீர்த்துப்போய்த் தக்காளிப் புளிப்பு மட்டும் தூக்கும். கறியை மசாலாவிலேயே போட்டு வதக்கிக் குக்கரை மூடும் வீட்டில், கறி விழும் முன்பே மசாலாவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தைத் தவறவிட்டவர்களுக்குத்தான் “துண்டை ஒதுக்கிட்டுக் குழம்பு மட்டும் ஊத்திக்கோ” என்ற சமாதானம் வரும். அது ஒத்துவருமா வராதா என்பது அவரவர் முடிவு. ஆனால் அந்த முடிவை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், கரண்டி இலைக்கு மேலே நிற்கும்போது யோசிக்காதீர்கள்.

வடைக்கும் தோசைக்கும் வரிசை முக்கியம். சிக்கன் பொரித்த எண்ணெயில் வடை போட்டபின் வருந்திப் பயனில்லை. முதல் ஈடு வடை, பிறகு சிக்கன் என்று கேட்டால் யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. ஆம்லெட் போட்ட கல்லிலும் அப்படித்தான், உங்கள் தோசை முதலில்.

மொட்டையாக “நான்-வெஜ் வேண்டாம்” என்பது

பல வீடுகளில் முட்டை அசைவக் கணக்கிலேயே வராது. கருவாட்டுத் துணுக்கு போட்ட கத்தரிக்காய்க் குழம்பைக் “காய்க் குழம்புதானே” என்பார்கள். முட்டை உண்டா, மீன் உண்டா, எலும்புத் தண்ணீர் உண்டா என்று மூன்றையும் பெயர் சொல்லித் தெளிவாக்குங்கள்.

இதில் வழக்கமாக ஏமாறும் இடம் பிரியாணிப் பந்தி. குஸ்காவில் துண்டு இருக்காது, அவ்வளவுதான். சோறு வெந்தது கறி மசாலாவிலும் கறித் தண்ணீரிலும். தால்சாவில் கத்தரிக்காயும் மாங்காயும் மிதப்பதால் பார்வைக்குச் சாம்பார் மாதிரி இருக்கும், அடியில் எலும்பும் கொழுப்பும் கிடக்கும். பரோட்டாக் கடையில் துண்டில்லாமல் ஊற்றும் சால்னாவும் பெரும்பாலும் இந்த ரகம்தான், பல கடைகளில் பரோட்டா மாவிலேயே முட்டை சேர்க்கிறார்கள். நோன்புக் கஞ்சியில் கொத்துக்கறி போடுவது உண்டு. இலங்கை உறவினர் வீட்டுச் சீனிச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும். தயிர்ப் பச்சடியை நம்பலாம்.

பொட்டலப் பண்டங்களில் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம், முட்டை போட்ட கிறிஸ்துமஸ் கேக்குக்கும் அதே குறிதான். முட்டை சாப்பிடுபவர் அந்த முக்கோணத்தைப் பார்த்துப் பதறாமல் பின்பக்கம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படிக்கலாம். ஜெலட்டின் என்றிருந்தால் அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, பஞ்சு மிட்டாய் போல் மெத்தென்றிருக்கும் மார்ஷ்மெல்லோவில் அதிகம்.

“சுத்த சைவம்” என்ற சொல்

இதை வாயில் எடுக்கவே வேண்டாம். நம் ஊரில் அந்தச் “சுத்த”த்துக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. கறி சமைத்துப் போட்டு வளர்த்தவர்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால், “அப்போ நாங்க அசுத்தமா?” என்றுதான் காதில் விழும். அவர்கள் கேட்பதில் தப்பும் இல்லை. மூக்கைப் பொத்துவது, “கவுச்சி அடிக்குது” என்று ஜன்னலைத் திறப்பது, சாப்பிடுகிறவர் பக்கத்தில் ஆடு அறுக்கும் வீடியோவை ஓட்டுவது எல்லாம் இதே வகை. “நான் சாப்பிடறதை விட்டுட்டேன்” என்பது போதுமான வாக்கியம். காரணம் கேட்டால் பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்லலாம்.

பொய்யும் வேலைக்காகாது. “வயிறு சரியில்லை” என்றால் அதிரசமும் கையைவிட்டுப் போய், லேகிய உருண்டை இரண்டாக வரும். “விரதம்” என்றால் எந்தச் சாமிக்கு, எத்தனை நாளைக்கு என்று விசாரணை நடக்கும், அடுத்த பண்டிகைக்குப் புதிய சாமி தேட வேண்டும்.

“எனக்காக ஒரே ஒரு துண்டு” என்று அப்பத்தா நீட்டுவதை வாங்கிவிடுவதும் தவறுதான். இந்த வருஷம் ஒன்று என்றால் அடுத்த வருஷம் அதுவே கணக்காகிவிடும். அவருக்கு வேண்டியது தன் கையால் போட்டதை நீங்கள் சாப்பிடுவது. அதற்கு வழி விடுங்கள்: “அப்பத்தா, நீங்க அரைக்கிற பூண்டுச் சட்னி வைங்க, ஆறு இட்லி சாப்பிடறேன்.” கேட்டுவிட்டு ஆறையும் சாப்பிட வேண்டும்.

மாற்றுப் பதார்த்தத்தைக் கெடுப்பது

எடுத்துவைத்த மசாலாவில் மீல்மேக்கரை உலர்ந்தபடியே கொட்டுவார்கள். அது குழம்பையெல்லாம் குடித்து ஊதி, நடுவில் பஞ்சாகவே நிற்கும். இரண்டு பேருக்கு 50 கிராம் எடுத்து, உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். ஒட்டப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி மறுபடி பிழியுங்கள். பிழியாத தண்ணீர் உள்ளே இருக்கும்வரை மசாலா இறங்காது, சோயா வாடையும் போகாது. பிறகு எண்ணெயில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூளோடு மூன்று நான்கு நிமிஷம் புரட்டிவிட்டு, குழம்பில் எட்டு நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும்.

சேனைக்கிழங்கு போடுவதாக இருந்தால் புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள், நாக்கு அரிக்காது. தீபாவளி சமயத்தில் பலாக்காய் தேடி அலைய வேண்டாம், அது அதன் பருவமில்லை. தையில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். இரவு ஊறவைத்துக் காலையில் தோல் பிதுக்கி எடுத்த பருப்பைக் கறிக்குழம்பு மசாலாவில் போட்டால், கறி சாப்பிடுகிறவர்களே முதலில் அந்தச் சட்டிக்குத்தான் வருவார்கள்.

எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது சைவ ஈரல். ஒரு டம்ளர் பச்சைப்பயறை ஐந்து மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வடித்து, மூன்று காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி சோம்பு, உப்போடு இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் மட்டும் தெளித்து அரைக்க வேண்டும். வடை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் சரி. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி 15 நிமிஷம் ஆவியில் வேகவையுங்கள். குத்திய கத்தியில் மாவு ஒட்டக்கூடாது. நன்றாக ஆறிய பிறகுதான் துண்டு போட வேண்டும், சூட்டில் வெட்டினால் பொலபொலவென்று உதிரும். துண்டுகளை எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொதிக்கும் குழம்பில் கடைசி ஐந்து நிமிஷம் போடுங்கள். மாவில் தண்ணீர் கூடினால் துண்டு குழம்பில் கரைந்துவிடும். ஆற ஆற குழம்பை உறிஞ்சும் என்பதால் குழம்பு சற்றுத் தண்ணியாகவே இருக்கட்டும்.

இதை அதிகாலை நாலு மணிக்கு அம்மாவின் அடுப்பில் போய்ச் செய்யாதீர்கள். பயறு அவித்து வறுப்பதை முந்தின மாலையே முடித்துவிடலாம். உங்கள் கொள்கைக்கு இன்னொருவர் கூடுதலாகப் பாத்திரம் தேய்க்கக்கூடாது. அளவையும் இரட்டிப்பாக்குங்கள். பந்தியில் சைவப் பதார்த்தம் என்று ஒன்று இருந்தால் எல்லாரும் ஒரு கரண்டி ருசி பார்ப்பார்கள், உங்கள் முறை வரும்போது சட்டி காலியாக இருக்கும். உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பட்சணத்தாலேயே வயிற்றை நிரப்புவது

“வளர்ற பிள்ளை” என்ற கவலைக்குக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 கிராம், பெண்ணுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு இட்லியில் ஏறத்தாழ 2 கிராம்தான். முறுக்கும் ஜாங்கிரியும் இந்தக் கணக்கில் பெரிதாகச் சேராது. 30 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் 15 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் அளவுக்குக் கிடைக்கும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும், சாப்பிட்டதும் டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் போகட்டும்.

வைட்டமின் பி12 வேறு கதை. பால், தயிர், முட்டையில் உண்டு, பயறு காய்கறியில் நம்பும் அளவுக்கு இல்லை. உடலில் இருப்பு இருப்பதால் குறைவு தெரிய வருஷங்கள் ஆகலாம். பாலும் வேண்டாம் என்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினால் வீட்டிலும் பாதி வாக்குவாதம் அடங்கும்.

கிடா வெட்டுக்கு வெறுங்கையோடு போவது

கோயில் காட்டுக்குள் இருக்கும், சுற்றிலும் கடை கிடையாது. பொங்கல் பொங்கி, மாவிளக்குப் போட்டு, பிறகு வெட்டி, உரித்து, சமைத்து, பந்தி போட மதியம் மூன்றுகூட ஆகும். அண்டாவில் ஒரே குழம்பு, ரசம் வைத்தால் உண்டு. புளிச்சோறு ஒரு டப்பா கையில் இருக்கட்டும், வெயிலில் தயிர்சோறு புளித்துவிடும். போகாமல் இருந்துவிடாதீர்கள், கறிச் சோற்றை மறுப்பதைவிட அதுதான் பங்காளிகளுக்கு மனக்குறை. சர்க்கரைப் பொங்கல், மாவிளக்கு மாவு, திருநீறு வாங்கிக்கொண்டால் சாமி குத்தம் என்ற பேச்சு அநேகமாக வராது. பரிமாற ஆள் எப்போதும் பற்றாது, சோறும் தண்ணீரும் நீங்கள் எடுங்கள். நின்று பரிமாறுகிறவரின் இலையில் என்ன விழுந்தது என்று யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

பண்டிகைக்கு மறுநாள்தான் கடைசித் தடுமாற்றம். மிஞ்சிய கறிக்குழம்பைச் சுண்டவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். சைவ ஈரல் குழம்பும் பார்க்க அப்படியேதான் இருக்கும், இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் பாத்திரம். உங்கள் பாத்திரத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள், இரவு பசியில் ஃபிரிட்ஜைத் திறப்பவர் கரண்டியை மாற்றிப் போட்டுவிடாமல் இருக்க.