ஆரூடம், ஜோசியம், குறி: எல்லாம் ஒன்றா?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை டீக்கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழும்: "நுங்கம்பாக்கத்துல ஆரூடம் சொல்லிட்டாங்க, இனி மழை வந்தாப்லதான்!" கிண்டல் என்றால் சரி. செய்தி எழுதுபவர்களும் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் வானிலை மையத்தின் அறிக்கைக்கு 'ஆரூடம்' என்று தலைப்பு வைப்பதுதான் இடிக்கிறது. ரேடாரையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்துச் சொல்வது முன்னறிவிப்பு. வாக்காளர்களிடம் கேட்டுச் சொல்வது கருத்துக்கணிப்பு. இரண்டும் பொய்க்கலாம், பொய்த்ததாலேயே ஆரூடம் ஆகிவிடாது.

ஆரூடத்தை ஜோசியத்தின் மறுபெயராக நினைப்பவர்களும் உண்டு. ஜாதகம் பார்க்கப் பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் வேண்டும். ஆரூடத்துக்கு அவை தேவையில்லை. நீங்கள் போய்க் கேட்கும் நேரமே கணக்கு. தொலைந்த சங்கிலி கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஆரூடம் சொல்பவர் சோழியை உருட்டி, விழுந்ததை வைத்துப் பதில் சொல்வார். ஆகவே 'ஜாதகத்தைப் பார்த்து ஆரூடம் சொன்னார்' என்பது இரண்டு கடைச் சரக்கை ஒரே பையில் போடுவது. அடுத்த முதல்வர் யார் என்று டிவியில் அடித்துவிடுபவரை 'ஆரூடம் சொல்கிறார்' என்பது வேறு கதை. அங்கே நக்கல்தான் பொருள், தாராளமாக எழுதலாம். எழுத்திலும் ஒரு கவனம்: 'ஆருடம்' என்ற குறில் வடிவம் பழகிவிட்டது, ஆனாலும் 'ரூ' நெடில்தான் சரி.

வினைச்சொல்லிலும் சறுக்குகிறோம். மெரினா மணலில் கோலோடு வந்து "கை பார்க்கலையா சாமி?" என்று கேட்கும் அம்மா குறி சொல்வார், 'குறி கணிக்க' மாட்டார். கணிப்பது ஜாதகத்தை. சகுனம் பார்ப்பதுதான், சொல்வதில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் சாமி வந்து சொல்வது அருள்வாக்கு. கூண்டை விட்டு வந்து சீட்டெடுக்கும் கிளிக்கு எந்த ஜாதகமும் தெரியாது, ஆனாலும் அது கிளி ஜோசியம்தான். வழக்கு முடிவு செய்துவிட்டால் இலக்கணம் பேசிப் பயனில்லை.

பழந்தமிழ்ச் சொல் வேண்டுமென்று 'விரிச்சி சொன்னார்' என்று எழுதுவதும் தவறு. யாரோ எதற்கோ சொன்னது காதில் விழ, அதை நம் காரியத்துக்கான சகுனமாக எடுத்துக்கொள்வதுதான் விரிச்சி. ஆகவே அது கேட்பது, சொல்வதில்லை. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவி வணங்கிக் காத்து நிற்கிறார்கள். ஓர் ஆய்மகள், அதாவது மாடு மேய்க்கும் ஆயர்குலப் பெண், தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். அவள் சொன்னது கன்றுக்கு; போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சொன்னவளுக்கே தெரியாது, தான் சொன்னது விரிச்சி என்று!