“எட்டாத இடத்தில்தான் வைத்தேன்”: கோழிக் கொட்டகையில் எலி ஒழிப்பதில் நடக்கும் தவறுகள்

சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் எலிகள் இடம்பெயரத் தொடங்கும். கதிர் நின்றவரை வரப்பில் குடியிருந்தவை தை கடைசியில் வீட்டுக் கொல்லையைத் தேடி வந்துவிடும். கோழி வளர்க்கிற கொல்லை என்றால் தீனி, முட்டை, குஞ்சு மூன்றும் அவற்றுக்கு ஒரே இடத்தில் கிடைக்கும். இந்த வருடம் புதிதாகக் கோழி வாங்கிய மூன்று பேர் எலித் தொல்லைக்கு யோசனை கேட்டு வந்தார்கள். மூவரும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது, பன்னிரண்டு வருடம் முன்பு நான் செய்த அதே காரியங்கள். கூட்டிப் பெருக்க வேண்டும், முட்டையை அன்றன்றே எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மருந்து வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புவது

மூவரில் இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். “கோழிக்கு எட்டாத இடத்தில்தான் வைத்திருக்கிறேன் அண்ணே.” இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஏனென்றால் அன்றைக்கு நானும் இதையேதான் சொன்னேன்.

அப்போது என்னிடம் பதினான்கு சிறுவிடைக் கோழிகள். கொட்டகையின் பின்சுவரை ஒட்டி வெளியே ஒரு பெருச்சாளி வளை. கை நுழைகிற அகலம், வாசலில் ஒரு கூடை மண். உரக்கடையில் ஜிங்க் பாஸ்பைடு வாங்கி, குருணையில் எண்ணெய் விட்டுப் பிசறி, செய்தித்தாளில் இரண்டு பொட்டலம் கட்டி வளைக்குள் ஆழமாகத் தள்ளினேன். மேலே மண் போட்டு மூடி மிதித்தும் விட்டேன். கோழிகள் அந்தப் பக்கமே வர முடியாது, வேலி இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கதவைத் திறந்ததும் கோழிகள் வழக்கம்போல் உமியைக் கிளற ஆரம்பித்தன. ஒன்பது மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். ஒரு கோழி அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, காலை உதறிக்கொண்டு கிடந்தது. மதியத்துக்குள் ஒன்பது போய்விட்டன. உமியை வாரிப் பார்த்தபோதுதான் விரல் நகம் அளவுக்குக் கிழிந்த செய்தித்தாள் துண்டுகளும் அங்கங்கே சாம்பல் படிந்ததுபோல் குருணையும் கண்ணில் பட்டன. அதற்கும் கீழே, சுவரின் உள்பக்க மூலையில், அந்த வளைக்கு இன்னொரு வாய் இருந்தது. பெருச்சாளி வளைக்கு ஒரே ஒரு வாசல் மட்டும் இருப்பதில்லை. பொட்டலத்தை நான் வெளியிலிருந்து தள்ளினேன், அது உள்ளே இழுத்து வந்து பிரித்துவிட்டது.

எலி, கிடைத்ததை அங்கேயே தின்றுவிட்டுப் போகிற பிராணி இல்லை. தூக்கிக்கொண்டு போகும், பதுக்கும், வழியில் சிந்தும். வளையைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அது சேர்த்து வைத்திருக்கும் நெல் எவ்வளவு என்று தெரியும். நாம் மருந்து கலப்பதோ குருணை, பொரி, கருவாடு. அத்தனையும் கோழியின் தீனி. எலிக்குப் பிடித்தது எல்லாமே கோழிக்கும் பிடிக்கும் என்பதை யோசிக்காமல்தான் நாம் பொட்டலம் கட்டுகிறோம்.

ஜிங்க் பாஸ்பைடு வயிற்றில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்தால் பாஸ்பீன் வாயுவாக மாறும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. செத்த எலியின் குடலில் செரிக்காத மருந்து மிச்சம் இருக்கும். அதைக் கொத்துகிற கோழிக்கும் கடிக்கிற நாய்க்கும் ஆபத்து.

“அப்படியென்றால் கேக் வைக்கலாமே, அது கோழியைக் கொல்வதில்லையே” என்றார் மூன்றாமவர். புரோமடையலோன் கேக்கைச் சொன்னார். அது இரத்தம் உறையாமல் செய்து, நாலைந்து நாள் கழித்து எலியைக் கொல்லும். சாவதற்கு முன் எலி தள்ளாடிக்கொண்டு பகலில் வெளியே வரும். தள்ளாடும் சுண்டெலியைக் கோழி விடாது. ஒன்று கவ்வினால் மற்றவை பிடுங்க ஓடும். கோழி அன்றைக்குச் சாகவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. மருந்தின் மிச்சம் அதன் ஈரலில் தங்கும், முட்டைக்கும் போகும். அந்த முட்டையை நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்கும் விற்கிறோம். எலி தின்ன வருகிற கூகைக்கும் இதே கதிதான்.

மருந்து இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலை வந்தால், பூட்டுப் போட்ட பெட்டிக்குள், நடுவில் கம்பியில் கோத்த கட்டி மருந்தாக மட்டும் வையுங்கள். கோத்திருந்தால் தூக்கிப் போக முடியாது. பெட்டி கோழி மேயும் இடத்துக்கு வெளியே, தரையோடு அசையாமல் இருக்கட்டும். காலையும் மாலையும் செத்த எலியைத் தேடிக் கையுறையோடு எடுத்து இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் இல்லாத வீட்டில் மருந்தே வேண்டாம். அந்த ஒன்பதுக்குப் பிறகு நான் என் கொல்லையில் எந்த மருந்தும் வைத்ததில்லை.

பசையும் மாத்திரையும்

மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். ஈரலை அழிக்கும், முறிவு மருந்து இல்லை. தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

வளையில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அதைவிட மோசம். ஈரம் பட்டாலே வாயு கிளம்பும். சுவரை ஒட்டிய வளையில் போட்டால் கொட்டகைக்குள் வரும், வீட்டுக்குள்ளும் வரும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கோழி வலையை எலி வலை என்று நினைப்பது

அறுகோணக் கண் உள்ள வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். எலியை நிறுத்தாது. அரை அங்குல இடைவெளி இருந்தால் இளம் எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலம் போதும். ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். நான் பற்றவைத்த கால் அங்குலக் கம்பி வலை போட்டிருக்கிறேன். விலை கூடுதல்தான், ஒன்பது கோழியின் விலையை விடக் குறைவு. சுவரோரம் ஓரடி ஆழம் தோண்டி, வலையை இறக்கி, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து மண் போட்டு மூடுங்கள். தோண்டி வருகிற பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டித் திரும்பும்.

இரவில் தீனியை விட்டுவைப்பது

ஒரு எலி நாளைக்குச் சராசரியாக 20 கிராம் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது எலி இருந்தால் மாதத்துக்குப் பன்னிரண்டு கிலோ. சிந்துவதும் சிறுநீர் பட்டு வீணாவதும் தனி. கோழி இருட்டில் தின்னாது. அடையும் நேரத்தில் தீனித் தட்டை எடுத்து மூடி இறுகும் தகர டின்னில் கொட்டிவிடுங்கள். சாக்கும் பிளாஸ்டிக் டிரம்மும் எலியின் பல்லுக்கு நிற்காது. என் அனுபவத்தில், இதை மட்டும் ஒரு மாதம் விடாமல் செய்தாலே பாதி எலி வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறது.

பொறி வைத்த அன்றே எலி விழும் என்று எதிர்பார்ப்பது

எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். பொறியைச் சுவரோரமாக, அது ஓடுகிற தடத்தில், மூன்று நாள் விசையை மாட்டாமல் வெறும் தீனியோடு விடுங்கள். நாலாம் நாள் மாட்டுங்கள். கோழி தலையை விடாதபடி மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, இரு பக்கமும் எலி நுழையும் ஓட்டை வைக்க வேண்டும். வரப்பிலும் வேலியோரத்திலும் எலி அதிகம் என்றால் கிட்டி வைப்பவரைக் கூப்பிடுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்வது. மருந்தும் கிடையாது, மிச்சமும் கிடையாது. எங்கள் ஊரில் பிடித்த எலிக்கு இத்தனை என்று கூலி. சாயந்திரம் கோழி அடைந்த பிறகு வைத்து, விடிவதற்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பசை அட்டை

வேண்டாம். குஞ்சும் ஓணானும் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும்.

பூனை வளர்த்தால் போதும் என்பது

பெருச்சாளியைக் கண்டால் பல பூனைகள் ஒதுங்கிப் போகும். குஞ்சைக் கண்டால் ஒதுங்காது.

மூஞ்சூறை அடிப்பது

நீண்ட மூக்கு, கீச்சென்ற சத்தம், ஒரு வாடை. அது எலி இல்லை, பூச்சி தின்பது. விட்டுவிடுங்கள்.

எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்குவது

எலிப் புழுக்கையும் காய்ந்த சிறுநீரும் துடைப்பம் பட்டால் தூசியாகக் கிளம்பும். முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டு அள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைச் சேற்றில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே ஏறும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுத்து, கண் சிவந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எலி நடமாடும் கொட்டகையில் வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.