சி.என்.சி. வெட்டுக்குக் கோப்பு தயார்செய்வது: மேசையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

கோவையில் எங்கள் பட்டறையில் இரண்டு சி.என்.சி. இயந்திரங்கள், அதாவது கணினிக் கோப்பைப் படித்துத் தானே வெட்டும் இயந்திரங்கள், ஓடுகின்றன. ஒன்று, எட்டுக்கு நாலு அடிப் பலகையை அப்படியே படுக்கவைத்து வெட்டும் ரவுட்டர். பூஜையறைக் கதவு, ஜாலி (துளைத்துளையாக வெட்டிய அலங்காரப் பலகை), அலமாரிப் பலகைகள் எல்லாம் அதில்தான். மற்றொன்று, கேட்டுக்கும் கிரில்லுக்கும் இரும்புத் தகட்டை மின்பொறியால் வெட்டும் பிளாஸ்மா. வரைபடம் வாட்ஸ்அப்பில் வரும். சில நாள் வடிவமைப்பாளர் அனுப்புவார், சில நாள் தச்சர், சில நாள் வீட்டுக்காரரின் மகன். பலகை வீணாகும்போது எல்லோரும் இயந்திரத்தைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் கோப்பில் இருக்கும். கோப்பைத் திருத்தக் கால் மணி நேரம் போதும். வெட்டிய பலகையைத் திருத்த வழியே இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திரையைப் படம்பிடித்து அனுப்பினால் அதில் கோடு கிடையாது, புள்ளிகள்தான் இருக்கும். அதைப் பார்த்து நாங்கள் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும்.

அளவு

தச்சர் வாயில் அளவு அடி, அங்குலம், நூல் என்றே வரும். 'மூன்றடி நாலு அங்குலம் இரண்டு நூல்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றடி நாலு அங்குலம் 1016 மி.மீ. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால் ஒரு நூல் 3.175 மி.மீ.; இரண்டு நூல் 6.35. ஆக மொத்தம் 1022.35. இதை 1020 என்று ஒப்பேற்றினால் ஜாலிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அளவை வாங்கிய இடத்திலேயே மில்லிமீட்டருக்கு மாற்றி, அவரிடம் திருப்பிப் படித்துக்காட்டி, அதன் பிறகு வரையத் தொடங்குங்கள். வரைவதும் முழு அளவிலேயே இருக்கட்டும். தாளில் அடங்கவில்லை என்று பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைய வேண்டாம்.

வரைபடக் கோடுகளைச் சேமிக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பு, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளோடு 1982-இல் பிறந்தது. இன்றும் வெட்டும் இயந்திரங்களின் பொதுமொழி அதுதான். ஆனால் அதன் ஆர்12 வடிவத்தில் எண்கள் மட்டுமே இருக்கும், அலகு இருக்காது. 500 என்று எழுதியிருந்தால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்று திறக்கும் மென்பொருள்தான் முடிவுசெய்கிறது. பிந்தைய வடிவங்களில் அலகைக் குறிக்க இடம் உண்டு. அதையும் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

அளவு தவறி வந்தால் பதற வேண்டாம். எத்தனை மடங்கு தவறியிருக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். காரணம் தானே தெரிந்துவிடும். 25.4 மடங்கு என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும் மாறிவிட்டன. 10 மடங்கு என்றால் சென்டிமீட்டர். எஸ்விஜி என்ற மற்றொரு வகைக் கோப்பில் 100 மி.மீ. என்பது 75 ஆக வந்தால் அது இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளிலிருந்து வந்திருக்கும். அங்கே அங்குலத்துக்கு 72 புள்ளி, திறக்கும் இடத்தில் 96. 93.75 ஆக வந்தால் பழைய இங்க்ஸ்கேப் மென்பொருள். 0.92 பதிப்புக்கு முன்பு அது அங்குலத்துக்கு 90 என்று கணக்கிட்டது. கண்ணளவில் இழுத்துச் சரிசெய்யாமல், வகுத்துக் கிடைத்த அந்த மடங்கைக் கொண்டே பெரிதாக்குங்கள் அல்லது சுருக்குங்கள்.

எங்களுக்கு வரும் ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும், தனி லேயரில் (வரைபடத்தின் தனி அடுக்கில்), 100 மி.மீ. சதுரம் ஒன்று வைக்கச் சொல்கிறோம். கோப்பைத் திறந்ததும் நான் முதலில் அளப்பது அதைத்தான்.

திறந்த கோடு, இரட்டைக் கோடு

ஒரு ஜாலிக் கட்டத்தின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் இரண்டு கோடுகள் கச்சிதமாகச் சேர்கின்றன. பெரிதாக்குங்கள். இன்னும் பெரிதாக்குங்கள். ஒரு கோடு முடியும் இடத்துக்கும் மற்றது தொடங்கும் இடத்துக்கும் நடுவே 0.02 மி.மீ. இடைவெளி தெரிகிறது. மனிதக் கண்ணுக்கு அது மூடிய சதுரம். மென்பொருளுக்கோ அது நான்கு தனிக் கோடுகள். மூடாத வடிவத்துக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே பிட்டை (சுழன்று வெட்டும் முனையை) உள்ளே தள்ளி ஓட்டுவதற்குப் பதிலாகக் கோட்டின் மேலேயே ஓட்டும். 6 மி.மீ. பிட் என்றால் துளை ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. பெருத்துவிடும்.

கோரல்டிரா மென்பொருளில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு நிறம் ஊற்றுவது. மூடிய வடிவங்கள் நிறம் பிடிக்கும், திறந்தவை வெறுமையாக நிற்கும். இங்க்ஸ்கேப்பில் இந்தச் சோதனை செல்லாது. அது திறந்த பாதைக்கும் நிறம் ஊற்றிவிடும். ஆட்டோகேடில் பண்புகள் பலகையில் 'குளோஸ்டு' என்ற வரியைப் பாருங்கள்.

மூடுவதற்கு ஆட்டோகேடில் பெடிட் கட்டளையின் ஜாயின் உண்டு, ரவுட்டருக்குப் பாதை தயாரிக்கும் ஆஸ்பயர் மென்பொருளில் ஜாயின் வெக்டர்ஸ் உண்டு. இரண்டிலும் எவ்வளவு இடைவெளி வரை இணைக்கலாம் என்று ஓர் எண் கேட்கும். 0.1 மி.மீ. கொடுத்துப் பாருங்கள். அதற்கும் இணையாதவற்றைக் கையால் இணைப்பதே நல்லது. அவசரப்பட்டு 2 மி.மீ. கொடுத்தால் பக்கத்துக் கட்டத்தின் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிழையைத் தேடுவது முதல் பிழையைவிடக் கடினம்.

இரட்டைக் கோடு இன்னொரு தொல்லை. ஒரு பூக்கட்டத்தை வரைந்து, நகல் எடுத்து அடுத்தடுத்து ஒட்டிவைப்பார்கள். ஒட்டிய இடத்தில் இரண்டு கட்டங்களின் ஓரமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். திரையில் ஒரே கோடாகத்தான் தெரியும். இயந்திரம் அங்கே இரண்டு முறை போகும். ரவுட்டரில் ஓரம் கருகும். அதற்குள் தளர்ந்துவிட்ட துண்டு பிட்டோடு சேர்ந்து ஆடும். பிளாஸ்மாவில் இரண்டாம் முறை போகும்போது கீழே இரும்பே இருக்காது, பொறி அணைந்து வேலை பாதியில் நிற்கும். ஆட்டோகேடின் ஓவர்கில் கட்டளை மேலடுக்கு நகல்களை நீக்கிவிடும். கோரலில் ஒரு கோட்டைச் சொடுக்கிச் சற்று நகர்த்திப் பாருங்கள். அடியில் இன்னொன்று நின்றால் அது நகல்.

புகைப்படத்தை டிரேஸ் செய்து, அதாவது மென்பொருளால் கோடுகளாக மாற்றி, அனுப்பும் பழக்கமும் பரவிவருகிறது. பிள்ளையார் படம் ஒன்றைத் தானியங்கி டிரேஸில் போட்டால் ஒரு வளைவுக்கு நான்கு நோடு (கோட்டைத் தாங்கும் புள்ளி) போதும் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். ஒவ்வொரு சிறு துண்டிலும் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக் கூட்டுவதால் திக்கித் திக்கி நகரும். வளைவு அலையலையாக வரும், மரம் கருகும். நோடுகளைக் குறைத்து, மிச்சத்தை மென்மைப்படுத்தி அனுப்புங்கள். முடிந்தால் டிரேஸின்மேல் கையால் புதிதாக வரையுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் அப்படி வரைந்த பிள்ளையாரின் துதிக்கை வெட்டும்போதே அழகாக இறங்குவதைப் பார்த்தால் அந்த நேரத்துக்கு வருத்தப்பட மாட்டீர்கள்.

தமிழ் எழுத்து

எங்கள் பட்டறையில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். கேட்டுக்கும் வாசற்பலகைக்கும் எழுத்து கேட்காதவர்கள் குறைவு.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய வாசகம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலையும் வாலும் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். ஆகவே அனுப்பும் முன் எழுத்தை வளைகோடாக மாற்றுங்கள். கோரலில் கன்ட்ரோலோடு கியூ. இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட், கன்ட்ரோல், சி. மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், தட்டிய வடிவிலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்து, பல எழுத்துருக்களில் 'கி' என்பது ககரமும் மேல்விலங்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு உருவங்கள். கறுப்பு நிறத்தில் ஒரே எழுத்தாகத் தெரியும். நிறத்தை எடுத்துவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள்: ஒரு கோடு மற்றதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இயந்திரமும் அப்படியே கிழிக்கும். இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஒரே வெளிக்கோடாக்கும் வெல்ட் கட்டளையைக் கொடுங்கள். கம்பைன் கொடுக்காதீர்கள், அது மேலே ஏறிய பகுதியைத் துளையாக்கிவிடும்.

இனி 'முருகன் துணை' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். இதை இரண்டு விதமாக வெட்டலாம், இரண்டுக்கும் சிக்கல் நேர் எதிர். எழுத்தைத் தனித்தனியே வெட்டி எடுத்துக் கேட்டில் பற்றவைப்பதானால், 'ன்' மேலிருக்கும் புள்ளி தனித் துண்டாகக் கழன்று வரும். பிளாஸ்மா படுக்கையின் அடியில் விழுந்தால் தேடி எடுப்பது பாடு. புள்ளியை எழுத்தோடு ஒரு சிறு கழுத்தால் இணைத்து வெல்ட் செய்துவிடுங்கள். அல்லது எல்லா எழுத்துகளையும் அடியில் ஒரு பட்டையோடு சேர்த்து, புள்ளிக்கும் ஒரு கம்பி கொடுங்கள். மாறாக, தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டுவதானால் புள்ளியால் தொல்லை இல்லை, அது வெறும் துளை. இங்கே விழுவது எழுத்துக்குள் சிறைப்பட்ட இரும்பு: ககரத்தின் வயிறு, னகர ணகரச் சுழிகள், 'ணை'யின் முன்னால் நிற்கும் ஐகாரக் குறியின் சுழிகள். எல்லாம் கொட்டிவிட்டால் மிஞ்சுவது மொத்தையான ஓட்டை, வாசிக்க முடியாது. ஒவ்வொரு சுழிக்கும் வெளித்தகட்டோடு ஒரு பாலம் விடுங்கள். பாலத்தைச் சுழியின் மேலோ கீழோ வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் கண்ணுக்கு வேறு எழுத்துபோலத் தெரியும். எல்லாப் பாலங்களும் ஒரே கோட்டில், ஒரே அகலத்தில் வந்தால் அலங்காரமாகவே அமையும்.

கருவியின் கனம்

வெட்டும் எதற்கும் ஓர் அகலம் உண்டு. அக்ரிலிக் வெட்டும் லேசருக்கு அது ஏறத்தாழ 0.2 மி.மீ.; பிளாஸ்மாவுக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. வரை போகும், ரவுட்டருக்குப் பிட்டின் முழு விட்டம். அதை ஈடுசெய்து பாதையை நகர்த்துவது வெட்டுபவரின் வேலை. வரைபவர் உண்மையான அளவில் வரைந்தால் போதும். இருவரும் ஈடுசெய்தால் ஈடு இரண்டு மடங்காகி அளவு தவறும். பாதை தயாரிக்கும் மென்பொருளும் இயந்திரத்தை ஓட்டும் கன்ட்ரோலரும் இருபுறமும் ஈடுசெய்தாலும் இதே கதைதான்.

வட்டமான பிட்டால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது. 6 மி.மீ. பிட் விட்டுச்செல்லும் மூலைக்கு ஆரம் 3 மி.மீ. அலமாரியின் காடியில் (பலகை நுழையும் பள்ளத்தில்) இன்னொரு பலகை பொருந்த வேண்டுமென்றால் மூலையில் சிறு வட்டக் குடைவு வரைந்துவிடுங்கள். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட்டை வெர்னியர் அளவுகோலில் அளக்காமல் காடி வரைய வேண்டாம். கட்டுக்குக் கட்டு கனம் மாறுகிறது. ஜாலியில் இரண்டு துளைகளுக்கு நடுவே நிற்கும் மரம், பலகையின் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது என் கணக்கு. 12 மி.மீ. எம்டிஎஃப் மரநார்ப் பலகையில் 5 மி.மீ. நரம்பு விட்டவர்கள், அது வண்டியில் ஏற்றும்போதே முறிந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்மாவில் தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளை கேட்காதீர்கள். மையத்தைக் குறித்துக் கொடுங்கள், டிரில்லில் போட்டுக்கொள்ளலாம்.

உள்துளைகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். இந்த வரிசை மாறினால், கழன்ற துண்டுக்குள் துளை போட வேண்டிவரும்.

ஓடும்போது தெரியும் கோளாறுகள்

பாதையை முன்னோட்டமாகப் பார்க்கும்போது திரை முழுக்கப் பெரிய பெரிய வட்டங்கள் தெரிந்தால் வரைபடம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். வில்லின் மையத்தைக் குறிக்கும் ஐ, ஜே எண்களைப் பாதை தயாரித்த மென்பொருள் ஒரு முறையிலும் கன்ட்ரோலர் மறு முறையிலும் படிக்கின்றன: ஒப்பு முறை வில்லின் தொடக்கத்திலிருந்து அளக்கும், தனி முறை பூஜ்யப் புள்ளியிலிருந்து அளக்கும். மாக்3 கன்ட்ரோலர் மென்பொருள் என்றால் ஜி91.1 (ஒப்பு), ஜி90.1 (தனி) அமைப்பைப் பாருங்கள். எல்லாமே தபால்தலை அளவுக்குச் சுருங்கி வந்தால் ஜி20, ஜி21 குழப்பம்: முன்னது அங்குலம், பின்னது மில்லிமீட்டர். கோப்பின் முதல் வரிகளிலேயே இருக்கும்.

திறந்தவுடன் வரைபடம் ஒரு புள்ளியாகத் தெரிந்தால், எங்கோ தொலைவில் ஒரு தவறிய கோடு கிடக்கிறது. அதை அழித்துவிட்டு, வரைபடத்தின் இடது கீழ் மூலையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்ட்ரோலர் கோப்பையே காட்டவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். பழைய கன்ட்ரோலர்கள் தமிழ்ப் பெயரையும் நீண்ட பெயரையும் படிப்பதில்லை. எட்டு எழுத்துக்குள் ஆங்கிலத்தில் வைத்தால் சிக்கல் இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கட்டும்.

கடைசியாக, பிட்டைப் பலகைக்கு மேலே தூக்கிவைத்து வெளிக்கோட்டை ஒரு சுற்று வெறுமனே ஓட்டுங்கள். நான்கு மூலையும் பலகைக்குள் அடங்குகின்றனவா, கிளாம்ப் ஏதும் பாதையில் நிற்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நின்றால் கிளாம்பை நகர்த்தி, மறுபடி ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஸ்பிண்டிலைப் (பிட்டைச் சுழற்றும் மோட்டாரை) போடுங்கள்.