ஆறில்லாத ஊரில் தண்ணீர்ப் பங்கு: நாங்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதியிருக்கும். ஒரு தோட்டக் கிணற்றுக்கு நாலைந்து பங்குகாரர். இன்றைக்கு இவருக்கு இறைப்பு முறை, நாளைக்கு அவருக்கு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் சனம் இப்படித்தான் சமாளித்தது. பங்காளி கண்முன்னே நிற்கும்வரை கணக்குப் பிசகாது. அவர் கண்ணில் படாத இடத்தில்தான் பிழை விடுகிறோம்.

கிணறு என் வளவுக்குள் இருக்கிறது, ஆகவே தண்ணீரும் என்னுடையது என்ற நினைப்பு அதில் பெரியது. கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது பொதுக் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓரடி இறங்கினால் உவர் 40 அடி மேலேறப் பார்க்கும். ஏற்றம் போன்ற துலாவை மிதித்து இறைத்த காலத்தில் ஆள் களைத்தார், அந்த நேரத்தில் கிணறு ஊறியது. மோட்டருக்குக் களைப்பில்லை. விடிய நன்றாக இருந்த தண்ணீர் மதியத்துக்குள் வாயில் கரிக்கும். வெங்காயத் தாள் நுனி கருகிய பிறகுதான் சிலர் நிற்பாட்டுவார்கள். குழாய்க்கிணற்றை இன்னும் ஆழமாக அடிப்பது உப்பைக் கைபிடித்து மேலே கூட்டிவருகிற வேலை. கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, திரும்ப இறைப்பதுதான் சரி.

அளவை மட்டும் பார்ப்பதும் பிழைதான். தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் மலகூடக் குழியின் கழிவும் போய்ச் சேருவது அதே கல்லுக்குள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ‘காய்ச்சிக் குடித்தால் சரி’ என்பார்கள். கிருமிக்குச் சரி, நைத்திரேற்று காய்ச்சக் காய்ச்சச் செறிவாகுமே தவிரப் போகாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது, ‘கடலுக்குப் போகிற தண்ணீர் வீண்’ என்ற பேச்சு. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கித் தொண்டைமானாற்றுப் பக்கம் திருப்பத் திட்டம் வரைந்தார். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கடல்நீரை மறிக்கும் தடுப்பணைக் கதவை மூடினால் உவர் நிலம் கழுவப்படும் என்று கமக்காரர் பார்க்கும்போது, அதே கதவுக்கு வெளியே இறால் வரத்தை நம்பி வலையோடு நிற்பவரும் இருக்கிறார். அவரைக் கூப்பிடாமல் கூட்டம் வைத்தால் கதவு பகலில் மூடும், இரவில் திறக்கும்.

இரணைமடு விடயம் இன்னும் சிக்கல். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் அந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். தண்ணீர் தர மனமில்லை என்று இங்கே பலர் கோபித்தோம். குளம் நிரம்பி வான் பாய்ந்த ஆண்டைப் பார்த்து நாம் கேட்டோம்; அவர்களோ சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கைக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை ஆண்டுதோறும் குளத்து மட்டம் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நாளுக்கு இத்தனை லீற்றர் என்று நிலையான அளவு கேட்காமல், குளத்தில் இத்தனை அடி நின்றால் இவ்வளவு, குறைந்தால் இவ்வளவு, அதற்கும் கீழே போனால் இல்லை என்று கேட்டிருக்கலாம். கிணற்று முறையும் அதுதானே.

சரி, 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்குக் கடற்கரையிலுள்ள தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தாயிற்று. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. இனிக் கவலையில்லை என்பதுதான் இப்போதைய பிழை. அந்தத் தண்ணீர் மின்சாரத்தைத் தின்றுதான் வருகிறது. வந்து, குளித்து, கழுவி, கடைசியில் இறங்குவதும் கிணற்றுக்குப் பக்கத்துக் குழிக்குள்தான்.