ஆங்கில இலக்கணத்துக்குப் பர்மியத்தைவிடத் தமிழ் கிட்ட

யாங்கோனில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் பர்மியம்தான், அதனால் ஆங்கிலத்தையும் பர்மியத்தில் யோசித்தே எழுதுகிறார்கள். வினைச்சொல்லில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பர்மியத்தில் நான் போனாலும் அவள் போனாலும் 'துவாடே'தான். நேற்றுப் போனதற்கும் அதே 'துவாடே', முன்னால் 'மனேகா' (நேற்று) சேர்த்தால் முடிந்தது. தமிழில் அப்படி விட முடியுமா? போகிறேன், போகிறாள், போனாள் என்று ஆளும் காலமும் வினையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலமும் அந்த ஜாதிதான், கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவே. 'ஐ கோ', 'வீ கோ', 'தே கோ' எல்லாம் ஒன்று. அவன், அவள், அது வந்தால் மட்டும் 'கோஸ்'. நேற்று என்றால் எல்லோருக்கும் 'வென்ட்'. நாளைக்கு 'வில் கோ', இதுவும் பர்மிய 'துவாமே' மாதிரி யாருக்கும் மாறாது.

அப்புறம் கேள்வி. 'ஷீ கோஸ்' என்பதைக் கேள்வியாக்கினால் 'டஸ் ஷீ கோ?'. 'டூ' வந்து நின்றதும் அந்த 'ஸ்' அதனிடம் தாவிவிட்டது, 'கோ' மொட்டையாகிவிட்டது. 'டிட் ஷீ கோ?' என்பதிலும் அதே கதை, காலத்தை 'டிட்' சுமப்பதால் 'டிட் ஷீ வென்ட்' தப்பு. இல்லை என்று சொல்லும்போதும் இப்படித்தான்: 'ஷீ டஸின்ட் கோ', 'ஷீ டிடின்ட் கோ'.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. 'அவர் டாக்டர்' என்றால் நமக்குப் போதும், ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ டாக்டர்', நடுவில் இரண்டு சொல் கூடுதல். 'மூன்று தேங்காய்' என்போம், அங்கே 'த்ரீ கோகனட்ஸ்'. 'அக்கா மொஹிங்கா (மீன் சாறு நூடுல்ஸ்) வாங்கினாள்' என்று வினையைக் கடைசியில் வைப்போம், அவர்கள் நடுவில் வைப்பார்கள்: 'சிஸ்டர் பாட் மொஹிங்கா'.

டியூஷனில் கொடுக்கும் பன்னிரண்டு வினைக்காலங்களின் அட்டவணையை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, அன்று நடந்த ஏதாவது ஒன்றை ஒரே வரியில் எழுதி, அதையே இன்றைக்கு, நேற்று, நாளைக்கு என்று மாற்றி, பிறகு கேள்வியாக, பிறகு மறுப்பாகத் திருப்பிப் போடுங்கள். 'வென்ட்', 'கேம்', 'பாட்', 'டுக்' மாதிரி விதிக்கு அடங்காததுகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை; ஆனால் நீங்கள் எழுதும் வரியில் வருவதை மட்டும் முதலில் படியுங்கள்.