வேலையிடத்தில் பொறுப்பு கிடைத்த கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீம் லீடராகவோ சூப்பர்வைசராகவோ உயர்வு கிடைத்ததும் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறோம், எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். அப்புறம் திங்கட்கிழமை போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், கர்த்தர் இதை எதற்குத் தந்தார் என்று பிடிபடுவதில்லை. நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பல வருடமாக ஷிப்ட் பார்க்கிறேன். நானே செய்த தவறும், நல்ல விசுவாசிகள் தெரியாமல் செய்கிற தவறுகளும் இதில் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஊழியம் சபையில் நடப்பது, வேலை வயிற்றுப்பாட்டுக்கு என்று பிரித்துவிடுகிறோம். நம் தமிழிலேயே போதகர் ஊழியக்காரர், பேங்க் கவுண்டரில் இருப்பவர் ஊழியர், இரண்டிலும் இருப்பது ஊழியம் என்ற ஒரே சொல். முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வரவில்லையே, நான் இரண்டாந்தரமோ என்று மனம் உடைகிற தம்பி தங்கைகளை நிறையப் பார்க்கிறேன். வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்கும் இதே குழப்பம் இருந்தது. 1785-ல், பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே அவர் மனந்திரும்பினார். அரசியலில் தொடர்வதா விடுவதா என்று கேட்க ஜான் நியூட்டன் என்ற போதகரிடம் போனார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர். இருக்கிற இடத்திலேயே இரு என்றுதான் அவர் சொன்னார். வில்பர்ஃபோர்ஸ் அதே அவையில் வருடக்கணக்காகப் போராடி, அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807-ல் நிறைவேறியது. அவர் பதவியை விட்டுவிட்டு வந்திருந்தால் அந்த மசோதாவை யார் சுமந்திருப்பார்கள்?

இப்படிப் பிரித்துப் பார்த்ததில் நான் செய்தது இது. பொறுப்புக்கு வந்த முதல் வருடம், எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். பந்தல், சாப்பாடு, நாற்காலி எல்லாம் என் கையில். ஒப்பந்தத் தொழிலாளர்கள் இரண்டு ஞாயிறு வந்து செய்த ஓவர்டைம் ஷீட் கையெழுத்துக்காக என் டிராயரில் கிடந்தது. சம்பளக் கணக்கு முடிவதற்குள் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. சம்பளம் ஏறிய மறுநாள் காலை, பேக்கிங்கில் வேலை பார்க்கிற ஒரு அக்கா போனில் பேங்க் மெசேஜைத் திறந்து என் முன்னால் நீட்டி, "சார், இந்த மாசம் ஓ.டி. ஏறலையே, குழு லோன் கட்டணும்" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போவதற்கு முன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று உபாகமம் 24-ல் இருக்கிறது. எத்தனையோ முறை வாசித்த வசனம், அன்றைக்குத்தான் என் டிராயரோடு சேர்த்துப் படித்தேன். இப்போது ஓவர்டைம் ஷீட் என் மேஜையில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை.

அடுத்தது, கைக்குக் கீழே இருப்பவர்களிடம் சுவிசேஷம் சொல்கிற விதம். இதில் நம்மவர்களுக்குக் கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன். ஒருவருடைய அப்ரைசலும் லீவும் ஷிப்டும் உங்கள் கையில் இருக்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை எங்க சபைக்கு வாங்களேன்" என்பது அவருக்கு அழைப்பாகக் கேட்காது, உத்தரவாகத்தான் கேட்கும். மனமில்லாமல் வந்து பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். விசுவாசம் அப்படிப் பிறக்காது. அவர்களாகக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். அதேபோல, சபைக்காரப் பையன் என்பதற்காக நல்ல ஷிப்டை அவனுக்கே ஒதுக்குவது பட்சபாதம். யாக்கோபு 2-ல் அதைப் பாவம் என்றே எழுதியிருக்கிறது. தானியேலைப் பாருங்கள், அவர்மேல் குற்றம் கண்டுபிடிக்க எதிரிகள் ராஜ்ய விவகாரத்தையெல்லாம் தோண்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மேஜையில் வசனக் காலண்டர் வைப்பதற்கு முன்னால் நம் கணக்கு அப்படி இருக்க வேண்டும்.

மன்னிப்பைத் தப்பாகப் பயன்படுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஒரு பெண் வந்து இன்னார் என்னிடம் தப்பாகப் பேசுகிறார் என்றால், "மன்னிச்சிரும்மா, ஜெபம் பண்ணுவோம்" என்று அனுப்பிவிடுகிறோம். அவளுக்கு நேர்ந்ததை மன்னிக்கிற உரிமை அவளுடையது, நம்முடையது இல்லை. நம் வேலை அவளைக் காப்பது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று, வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013-ம் வருடச் சட்டம் சொல்கிறது. புகாரை எழுதித் தர அவளுக்கு உதவி செய்யுங்கள், குழுவிடம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். வேதத்தில் வருகிற நிலக்காரர் போவாஸ், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தைத் தன் வயலில் பார்த்ததும், அவளைத் தொடக்கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டார். யாரும் வந்து புகார் சொல்வதற்கு முன்பே.

எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வதைத் தியாகம் என்று நினைப்பவர்கள் யாத்திராகமம் 18-ஐ வாசித்தால் போதும். மோசே காலை முதல் சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார், நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொல்லி, ஆயிரம் நூறு ஐம்பது பத்து என்று ஆட்களைப் பிரித்துக் கொடுக்க வைத்தார்.

சரி, நோக்கத்தை எங்கே தேடுவது? தீர்க்கதரிசனம் வரட்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நான் சொல்வது, உங்கள் கீழே வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதிப் பாருங்கள். எனக்குப் பாதிப் பெயருக்கு ஒன்றும் தெரியவில்லை. போவாஸ் அறுக்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, வறுத்த கோதுமையை ரூத்துக்குத் தன் கையால் கொடுத்தார். அதைப் படித்த பிறகு கேன்டீனில் சூப்பர்வைசர் மேஜையை விட்டுவிட்டு, பேக்கிங்காரர்கள் உட்காரும் நீள பெஞ்சுக்கு மாறினேன். முதல் வாரம் யாரும் பேசவில்லை. இரண்டாவது வாரம் அந்த அக்கா தன் டப்பாவிலிருந்து கருவாட்டுத் தொக்கு எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, மகன் பிளஸ் டூவில் கணக்கில் தடுமாறுகிறான், யாராவது சொல்லித் தருவார்களா சார் என்று கேட்டார்.