ஓஎச்எல் வரலாறு தெரிய வேண்டுமா? ஓர் அணியைப் பிடித்துப் பின்னோக்கி நடங்கள்

கனடாவின் மிகப் பெரிய நகரம் ரொறன்ரோ. ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தின் பெரிய ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கான ஓஎச்எல்லில் ரொறன்ரோவுக்கு இன்று ஓர் அணிகூடக் கிடையாது. ஓவன் சவுண்டுக்கு இருக்கிறது. ஏரிக் கரையில், இருபதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. இது எனக்கு முதலில் புரியவே இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இத்தனை வருடம் இருந்தும் ஹாக்கி என்றால் நகரத்தின் தொழில்முறை அணியான லீஃப்ஸ், லீஃப்ஸ் என்றால் தோல்வி என்பதோடு என் அறிவு நின்றுவிட்டிருந்தது. மகன் பள்ளியிலிருந்து ஒஷாவா ஜெனரல்ஸ் என்ற ஓஎச்எல் அணியின் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் இதற்குள் இறங்கினேன். அப்படி இறங்க நினைப்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வழியை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. லீக்கின் வரலாற்றை 1890-இலிருந்து வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள், இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வந்துவிடும். இன்று ஆடுகிற ஓர் அணியை எடுத்து, "இது இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் கிடைத்ததும் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். நான்கைந்து முறை கேட்டால் போதும், அரைவாசி லீக்கின் கதை கைக்கு வந்துவிடும். ஏனென்றால் இந்த லீக் வளர்ந்ததே சங்கீத நாற்காலி விளையாட்டு மாதிரிதான். அணிகள் சுற்றிச் சுற்றி ஓடும், நாற்காலி என்பது அரங்கம். ஒழுங்கான அரங்கமும் அதை நிரப்ப ஆளும் இருக்கிற ஊரில் அணி உட்காரும். இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் எழுந்து ஓடும்.

செய்து பார்க்க ஈரி ஒட்டர்ஸ் நல்ல அணி. அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறது. தொழில்முறை ஹாக்கியின் பெரிய நட்சத்திரம் கானர் மெக்டேவிட் ஜூனியர் ஹாக்கி ஆடியது இங்கேதான். 1996-க்கு முன் எங்கே? நயாகரா ஃபால்ஸில், தண்டர் என்ற பெயரில். அதற்கு முன்? 1988 வரை ஹாமில்டனில், ஸ்டீல்ஹாக்ஸ். அதற்கும் முன்? 1984 வரை பிராண்ட்ஃபோர்டில், அலெக்சாண்டர்ஸ். அதற்கும் முன், 1978 வரை? திரும்பவும் ஹாமில்டன்! ஒரே அணி ஹாமில்டனிலிருந்து கிளம்பி, பிராண்ட்ஃபோர்ட் போய், மறுபடி ஹாமில்டன் வந்து, கடைசியில் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் குடிபோயிருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, 2023-இல் ஹாமில்டன் புல்டாக்ஸ் என்ற வேறோர் அணி, தன் அரங்கத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதால் பிராண்ட்ஃபோர்டுக்குப் போனது. அந்த புல்டாக்ஸும் ஹாமில்டனில் பிறந்த அணி இல்லை, 2015-இல் பெல்வில்லிலிருந்து வந்ததுதான். பிராண்ட்ஃபோர்ட் ஹாக்கியின் ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கியின் சொந்த ஊர் என்பதையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அவர் பின்னால் வருவார்.

கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நல்லது. ஊர்ப் பெயர்களை எழுதி அம்புக்குறி போடுங்கள். நோர்த் பேயிலிருந்து 2002-இல் ஓர் அம்பு மிச்சிகனில் இருக்கும் சாகினோவுக்கு. காலியான நோர்த் பேய்க்கு 2013-இல் பிராம்டனிலிருந்து ஓர் அம்பு. காலியான பிராம்டனுக்கு 2024-இல் மிசிசாகாவிலிருந்து ஓர் அம்பு. நோர்த் பேயை விட்டுப் போன அந்த சாகினோ அணி 2024-இல், நாட்டின் மிகப் பெரிய ஜூனியர் கோப்பையான மெமோரியல் கப்பையே தூக்கியது. நோர்த் பேய்க்காரர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

இப்போது பிராம்டன் அம்பைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் ரொறன்ரோவுக்கு ஏன் அணி இல்லை என்பதும் விளங்கிவிடும். பிராம்டன் ஸ்டீல்ஹெட்ஸ் 2024 வரை மிசிசாகா ஸ்டீல்ஹெட்ஸ். 2012 வரை மிசிசாகா செயின்ட் மைக்கேல்ஸ் மேஜர்ஸ். 2007 வரை ரொறன்ரோ செயின்ட் மைக்கேல்ஸ் மேஜர்ஸ். செயின்ட் மைக்கேல்ஸ் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. அதன் அணி 1961-இல் மெமோரியல் கப்பை வென்றது. அடுத்த வருடமே இந்த மட்டத்து ஹாக்கியை விட்டு விலகிவிட்டது. காரணம்? ஆட்டங்கள் அதிகமாகிப் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்றார்கள். கோப்பை வென்ற கையோடு "போதும், போய்ப் படி" என்று சொன்ன அந்தப் பாதிரிமார் நம்ம ஊர் அப்பா அம்மாக்களுக்குச் சொந்தக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். 1997-இல் அணி திரும்ப வந்தது, பத்து வருடத்தில் மிசிசாகாவுக்குப் போய்விட்டது.

ரொறன்ரோவின் இன்னோர் அணி மார்ல்பரோஸ். ஏழு முறை மெமோரியல் கப் வென்ற அணி. அதுவும் 1989-இல் ஹாமில்டனுக்குப் போய், 1991-இல் குவெல்ஃப் ஸ்டோர்ம் ஆகிவிட்டது. பெரிய நகரத்தில் லீஃப்ஸ் இருக்கும்போது பதினேழு வயதுப் பையன்களைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை இரவுக்கு வேறு போக்கிடம் இல்லை. என் கணிப்பில் இந்த லீக்கின் முழு வளர்ச்சியும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

சரி, இவ்வளவு அம்புகள் போட்ட பிறகு ஆண்டுகளைப் பார்க்கலாம், இப்போது அவை மனதில் ஒட்டும். ஒன்ராறியோ ஹாக்கி சங்கம் 1890-இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர்களின் நினைவாக மெமோரியல் கப் 1919-இல் வந்தது. 1933-இல் ஜூனியர் ஹாக்கியை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார்கள், இன்றைய லீக்கின் வேர் அந்த ஏ பிரிவு. 1974-இல் பெரிய அணிகள் சங்கத்தின் நேரடி நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனி லீக் ஆயின, 1980-இல் அதற்கு ஓஎச்எல் என்று பெயர் வந்தது. 1979 முதல் 2024 வரை லீக்கின் ஆணையராக இருந்தவர் ஒரே ஆள், டேவிட் பிராஞ்ச். நாற்பத்தைந்து வருடம்! அவர் காலத்தில்தான் 1990-இல் டெட்ராய்ட் வழியாக முதல் அமெரிக்க அணி உள்ளே வந்தது. இன்று 20 அணிகள், அதில் ஈரி, சாகினோ, ஃபிளின்ட் என மூன்று அமெரிக்காவில்.

எல்லா அணியும் ஓடிக்கொண்டே இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். பீட்டர்பரோ பீட்ஸ் 1956-இல் வந்து உட்கார்ந்தது, அதே வருடம் திறந்த அரங்கத்தில் இன்றும் ஆடுகிறது. கிச்சனர் ரேஞ்சர்ஸ் 1963-இலிருந்து அங்கேயேதான். அந்த அணிக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள்தான் சொந்தக்காரர்கள். தூக்கிக்கொண்டு ஓட யாரும் இல்லாததால் அணி அசையவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து வீரர்கள். பெயர் பெயராகப் படிப்பதைவிட, லீக்கின் விதிமுறைகளையோ சாதனைகளையோ அசைத்தவர்களை மட்டும் பிடியுங்கள். இங்கே ஆடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரை. எந்த ஊருக்கு ஆடுவது என்பதைப் பையன் முடிவு செய்வதில்லை, அணிகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணி எடுக்கிறதோ அங்கே போய், ஏதாவது ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, பள்ளிக்கும் போய்க்கொண்டு ஆட வேண்டும். 1989-இல் எரிக் லிண்ட்ராஸ் என்ற பையன், சூ செயின்ட் மேரி நகரத்து சூ கிரேஹவுண்ட்ஸ் அணி தன்னை எடுத்தும் "அவ்வளவு தூரம் வர மாட்டேன்" என்று மறுத்து ஒஷாவாவுக்கு வந்தார், 1990-இல் ஒஷாவா மெமோரியல் கப் வென்றது. அதே கிரேஹவுண்ட்ஸில்தான் 1977-இல் கிரெட்ஸ்கி ஒன்பதாம் எண் சட்டை கேட்டார். அது ஏற்கெனவே ஒருவரிடம் இருந்ததால் 99 போட்டுக்கொண்டார், அந்த சீசனில் 70 கோல். 2005-இல் ஜான் டவாரெஸ் வந்தார். பதினைந்து வயதிலேயே ஆட 'விதிவிலக்கான வீரர்' என்ற தகுதியை முதலில் பெற்றவர் அவர்தான். 2006-07 சீசனில் 72 கோல் போட்டு, பதினாறு வயதில் கிரெட்ஸ்கி வைத்திருந்த அந்த 70-ஐத் தாண்டினார். ஆடியது ஒஷாவாவுக்கு.

பெற்றோர் கவனிக்க ஒரு விஷயம். முன்பெல்லாம் ஓஎச்எல்லில் ஒரு பையன் இறங்கிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக முதல் பிரிவு ஹாக்கியின் கதவு மூடிவிடும், அதற்குப் பதிலாக ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவை இங்கே கொடுப்பார்கள். 2024 நவம்பரில் அந்த அமெரிக்க விதி மாறிக் கதவு திறந்தது, 2025 ஆகஸ்டிலிருந்து நடைமுறைக்கும் வந்துவிட்டது. 2024-க்கு முன் எழுதப்பட்ட ஆலோசனை எதைப் படித்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்புறம், அரங்கத்துக்குப் போகாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ஒரு அணிக்கு 68 ஆட்டம், செப்டெம்பரில் தொடங்கி மார்ச் வரை. டிக்கெட் விலையை லீஃப்ஸ் விலையோடு ஒப்பிடவே வேண்டாம், குடும்பத்தோடு போகலாம். முதல் முறை நான் செய்த பிழை, கண்ணாடிக்கு ஒட்டின முதல் வரிசையில் இடம் எடுத்தது. பையன்கள் முகத்துக்கு நேரே வந்து மோதுவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மறுமுனையில் என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியாது. பத்துப் பதினைந்து வரிசை மேலே, நடுக்கோட்டுக்கு அருகில் உட்காருங்கள். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எங்கே என்று தேடிக் களைக்காமல், அதை வைத்திருப்பவனுக்குப் பக்கத்தில் யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள், ஆட்டத்தின் மூன்று பீரியடில் இரண்டாவதுக்குள் கண் பழகிவிடும்.

பழைய அரங்கம் ஒன்றையாவது பாருங்கள் என்பேன். சட்பரியில் 1951-இல் திறந்த அரங்கத்தில், உள்ளூர் அணியான வுல்வ்ஸ் (ஓநாய்கள்) கோல் போட்டதும் கூரைக்குக் கீழே ஒரு கம்பியில் பாடம் செய்த ஓநாய் ஒன்று ஊளைச் சத்தத்தோடு ஊர்ந்து வெளியே வரும். அவ்வளவு தூரம் முடியாதென்றால் பீட்டர்பரோ போதும், ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். வாசலில் இருக்கும் படங்களையும், கூரையிலிருந்து தொங்கும் பதாகைகளையும், ஆட்டம் தொடங்கும் முன்பே போய் நின்று படியுங்கள். நீங்கள் தாளில் போட்ட அம்புகளுக்கு முகம் கிடைக்கும்.

பிள்ளைகளோடு போவதென்றால் டெடி பேர் இரவைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். உள்ளூர் அணி முதல் கோல் போட்டவுடன் அரங்கமே தான் கொண்டுவந்த பொம்மைகளைப் பனித்தரை மேல் வீசும், அவை தேவைப்படும் பிள்ளைகளுக்குப் போகும். நாங்கள் போன அன்று முதல் பீரியடில் கோலே விழவில்லை. மகன் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாதி எழுந்து பாதி உட்கார்ந்துகொண்டிருந்தான். இரண்டாவதில் ஒன்று விழுந்தது, மேலேயிருந்து கரடி மழை. பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர், எறிய எதுவும் கொண்டுவராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என்னிடம் தன் பையிலிருந்த இரண்டில் ஒன்றை நீட்டினார். நான் எறிந்தது தரையைத் தொடவில்லை, நாலு வரிசை கீழே ஒரு அம்மாவின் தலையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டு, அதை எடுத்து ஒழுங்காக உள்ளே எறிந்தார்.

தடிப்பான ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டடத்துக்குள்தானே என்று நினைத்து நான் சட்டையோடு போய் நடுங்கினேன்.